இரண்டரை மணி நேரம்

2013 ஜனவரிக் கடைசியில் 'விஸ்வரூபம்' பார்ப்பதற்காக நானும் என் பள்ளித் தோழனும் உக்கடத்தில் பஸ் ஏறிப் பாலக்காடு போனோம். தமிழ்நாட்டில் அந்தப் படத்துக்குப் பதினைந்து நாள் தடை. வாளையாரைத் தாண்டிவிட்டால் தடையில்லை. அந்த வாரம் கோயமுத்தூரிலிருந்து போன கூட்டத்தில் பாதிப்பேர் கமல் ரசிகர்கள், மீதிப்பேர் தடைசெய்யப்பட்டது எதுவானாலும் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள். நான் இரண்டிலும் சேராதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விமர்சகன் என்கிற ஹோதா. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ., வங்கியில் ஒரு குமாஸ்தா வேலை, சிறுபத்திரிகையில் மூன்று கட்டுரைகள், இவ்வளவும் சேர்ந்தால் ஒருவனுக்குத் தானாகவே வந்துவிடுகிற ஹோதா அது. தோழனுக்கு வீடு கோட்டைமேட்டில். தன் ஜமாத்துப் பெரியவர்கள் எதை ஆட்சேபிக்கிறார்கள் என்று தானே பார்த்துவிட வேண்டும் என்பதற்காக வந்தான்.

படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் கதக் சொல்லிக்கொடுக்கும் ஒரு நளினமான மனிதர் உண்மையில் இந்திய உளவுத்துறைக்காரர், முஸ்லிம். ஆப்கானிஸ்தானில் ஜிஹாதிகளுக்குள் ஊடுருவி இருந்தவர். அமெரிக்கப் போலீஸ் முதலில் அவரைச் சந்தேகிக்கிறது, பிறகு கூட நிற்கிறது. கடைசியில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பைக் கவிழ்த்து வெடிகுண்டை மூடி அந்த மாநகரம் காப்பாற்றப்படுகிறது. இரண்டு தேசங்களின் பாதுகாப்பு ஒத்துழைப்பு என்று பத்திரிகைகளில் வரட்டுத் தமிழில் படிக்கிற விஷயத்துக்கு உடம்பும் முகமும் கொடுத்த தமிழ்ப்படம் என்று வேறெதையும் சட்டென்று சொல்லத் தோன்றவில்லை. அதன் கைநேர்த்தியை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன்.

திரும்பும்போது வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. அதுவரை ஒன்றும் பேசாமல் வந்தவன் சொன்னான்:

"அவரு நல்லவர்னு எல்லாருக்கும் புரியறதுக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுது. அதுவும் ஒரு ஊரையே காப்பாத்தி. எனக்கு யாருடா ரெண்டரை மணி நேரம் குடுப்பாங்க? எங்கூட்ல மைக்ரோவேவும் இல்ல."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அன்று இரவே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன், ஏழு பக்கம். படத்தொகுப்பு, உடல்மொழி, கலைஞனின் சுதந்திரம் எல்லாம் அதில் இருந்தன. அவன் சொன்னது இல்லை. கலாபூர்வமான விமர்சனத்தில் அதற்கு இடம் கிடையாது என்று அப்போது தீர்மானமாக நம்பினேன்.

சினிமாவை ஒரு தேசம் தன் தூதுவனாக அனுப்புவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஜோசப் நை என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-ல் இதற்கெல்லாம் சேர்த்து 'மென் அதிகாரம்' என்று பெயர் வைத்தார். பெயர்தான் புதிது. ராஜ் கபூரின் 'ஆவாரா' 1954-ல் சோவியத் யூனியனுக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. நம்மூர்க் கதை அவ்வளவு தெரியாது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-ல் 'பர்மா ராணி' என்று ஒரு படம் எடுத்தது. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானிகள், அவர்களுக்கு உதவும் ஒரு வேவுக்காரி. டைரக்டர் டி.ஆர். சுந்தரமே ஜப்பானிய ராணுவ அதிகாரியாக வேஷம் கட்டினார். யுத்த காலத்தில் கச்சா பிலிம் சர்க்கார் கையில் இருந்தது. பதினோராயிரம் அடிக்கு மேல் படம் நீளக்கூடாது என்று கட்டுப்பாடு. யுத்த முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுக்கச் சொல்லி முதலாளிகளுக்கு நெருக்குதல். ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி', கே. சுப்ரமண்யத்தின் 'மானசம்ரட்சணம்' எல்லாம் இந்த வகைதான், அதே வருஷம். நேச நாடுகளின் எதிரியைச் சேலத்துக்காரன் தன் எதிரியாக வெறுக்க வேண்டும் என்று லண்டனில் யாரோ விரும்பினார்கள், ஏற்காடு சாலையில் செட் போட்டார்கள். இன்று அங்கே மிச்சம் அந்த முகப்பு வளைவு மட்டும்தான்.

சேலம் வெறுக்கக் கற்றுக்கொண்ட அந்த ஜப்பான், அரை நூற்றாண்டு கழித்து ரஜினிகாந்துக்காக வரிசையில் நின்றது. 'முத்து' 1998 ஜூனில் டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. தமிழன் மார்தட்டிக்கொள்ள இது போதும், தட்டிக்கொண்டும் இருக்கிறான். ஆனால் தேதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் பொக்ரான் அணுவெடிச் சோதனை. ஜப்பான் அரசு கோபித்துக்கொண்டு இந்தியாவுக்குப் புதிய கடன்களை நிறுத்தி வைத்தது. ஒரே கோடைகாலத்தில் டோக்கியோவின் ஜனங்கள் நம் பாட்டுக்கு ஆடுகிறார்கள், டோக்கியோவின் கஜானா நமக்குப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு திறந்தது 2001 அக்டோபரில். நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த மறுமாதம், பயங்கரவாதத்துக்கு எதிரான போராட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒத்துழைப்பதைக் காரணம் காட்டித்தான் ஜப்பான் இறங்கி வந்தது. 2006 டிசம்பரில் மன்மோகன் சிங் ஜப்பானியப் பாராளுமன்றத்தில் பேசும்போது 'முத்து'வை நினைவுகூர்ந்தார். கல்யாணத்தை வேறு யாரோ வேறு காரணத்துக்காகப் பேசி முடிக்கிறார்கள், நாதஸ்வரத்தைப் பிறகுதான் கூப்பிடுகிறார்கள். நாதஸ்வரக்காரர் தன்னால்தான் கல்யாணம் நடந்தது என்று நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சில சமயம் நாதஸ்வரக்காரர்கள் வர மறுத்துவிடுவதும் உண்டு. 2010 ஜூன் முதல் வாரம் கொழும்பில் இந்தி சினிமாக்காரர்களின் சர்வதேச விருது விழா நடந்தது. 2009 மே மாதம் முடிந்த யுத்தத்தின் சாம்பல் ஆறியிருக்கவில்லை. பயங்கரவாதத்தை வென்ற நாடு என்று இலங்கை அரசு உலகத்துக்குச் சொல்ல அந்த மேடை வாய்த்தது. தமிழ்த் திரையுலகம் புறக்கணிக்கச் சொன்னது, அமிதாப் பச்சன் போகவில்லை. அந்தக் கோபத்தின் நியாயத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அதே ஜூன் மாதம் 25-ந்தேதி இன்னொன்று நடந்தது, அதை எந்தத் தமிழ்ப் பத்திரிகை வாசகனும் கவனித்திருக்கமாட்டான். பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் வழிகளைக் கண்காணிக்கிற, பாரிஸிலிருந்து இயங்கும் ஃபேட்ஃப் என்ற அமைப்பில் இந்தியா முழு உறுப்பினரானது. கொழும்பு விழா எனக்குச் செய்திதான். இந்தப் பாரிஸ் விவகாரம் வேலைக்குச் சேர்ந்த பிறகு தினமும் காலை பத்து மணிக்கு என் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முன் ஒன்று. 1998 பிப்ரவரி 14 அன்று எனக்குப் பத்து வயது. அத்வானி பேச இருந்த ஆர்.எஸ். புரம் கூட்டத்துக்கு முன்னால் ஊரெங்கும் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1997 நவம்பர் 29-ல் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டு, அதையொட்டிய கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்திருந்தார்கள். முதலாவது எண் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை எனக்குத் தோழன்தான் சொன்னான், கல்லூரிக் காலத்தில். ஊரடங்கு நாட்களில் எங்கள் வீட்டு டி.வி.யில் 'ரோஜா' பார்த்ததாக ஞாபகம். அது வேறு நாளாகவும் இருக்கலாம். ஞாபகம் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது, அதுதான் விஷயம். 1991-ல் காஷ்மீரில் இந்தியன் ஆயில் அதிகாரி ஒருவர் கடத்தப்பட்ட சம்பவத்திலிருந்து எழுந்த படம். 1992 சுதந்திர தினத்தன்று வெளியாகி, தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது வாங்கியது. காஷ்மீரில் படமெடுக்க முடியாத நிலைமை, அதனால் வடக்கே மணாலியிலும் இங்கே நமக்குப் பக்கத்தில் ஊட்டி, குன்னூரிலுமாகக் காஷ்மீர் தயாரானது. எரிகிற கொடியின் மேல் கதாநாயகன் விழுகிறான், தீவிரவாதி தொழுதுகொண்டிருக்கிறான். அந்த இரண்டு ஷாட்டுகளும் அடுத்தடுத்து வெட்டப்பட்டதில் ஒரு வாக்கியம் உருவாகிறது. இதைத் தேஜஸ்வினி நிரஞ்சனா தொண்ணூறுகளிலேயே எழுதிவிட்டார். நான் படித்தேன், ஒப்புக்கொண்டேன், மேற்கோளும் காட்டியிருக்கிறேன். ஒப்புக்கொள்வதால் கண்ணில் பதிந்தது அழிந்துவிடுகிறதா?

வங்கியில் புதுக் கணக்கு துவங்கும்போது பெயரை ஐக்கிய நாடுகள் பாதுகாப்புக் கவுன்சிலின் தடைப்பட்டியலோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். 1267-வது தீர்மானத்தில் தொடங்கிய பட்டியல் அது. பொருந்தினால் திரையில் எச்சரிக்கை வரும். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் பார்த்து 'இவர் அவரல்ல' என்று குறிப்பெழுதி அதிகாரிக்கு அனுப்ப வேண்டியது என்னைப் போன்றவன் வேலை. அந்தப் பட்டியலை ஒரு இலக்கியப் பிரதியாகப் படிக்கலாம். மாற்றுப் பெயர்களை அதில் 'நல்ல தரம்', 'தாழ்ந்த தரம்' என்று பிரித்திருப்பார்கள். (இந்தப் பத்திரிகையில் புனைபெயரில் எழுதும் நண்பர்கள் தங்கள் பெயர் எந்தத் தரம் என்று யோசித்துப் பார்க்கலாம்.) மேற்கே நான்கு துண்டாக உடைத்து எழுதிய ஒரு பெயரின் இரண்டு துண்டுகள் உக்கடத்தில் பாதிப்பேருக்கு இருக்கும்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், உக்கடத்தில் கோயில் முன்னால் கார் வெடித்தது. அடுத்த வாரம் ஒரு பெரியவர் கணக்கு துவங்க வந்தார். பிளாட்பாரத்தில் துணி வியாபாரம். பெயரைத் தட்டினேன், எச்சரிக்கை வந்தது. பட்டியலில் இருந்தவனுக்கும் இவருக்கும் வயதில் இருபது வருஷம் வித்தியாசம், பிறந்த தேசமே வேறு. ஐந்து நிமிஷத்தில் குறிப்பெழுதியிருக்கலாம். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன். "நாளைக்கு வாங்க பாய்" என்றேன்.

மறுநாள் வந்தார். சிஸ்டம் சரியில்லை என்றேன். சிஸ்டம் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பத்தரைக்கு வந்தவர் பெஞ்சில் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருதரம்கூட எழுந்து வந்து கேட்கவில்லை. வரிசையில் வந்த எங்கள் கவுண்டர்மார்களில் யாராவது பத்து நிமிஷம் காத்திருந்தால் மேனேஜர் அறைக் கதவு திறந்துவிடும். கூப்பிட்டபோது ஒரு மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், மகனின் பள்ளிக்கூட டி.சி., மின்சாரக் கட்டண ரசீதுகள் வருஷ வரிசையில் ரப்பர் பேண்டு போட்டு. நான் கேட்டிருந்தது இரண்டே இரண்டு.

"எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க தம்பி. எல்லாமே எப்பவும் கையிலதான் வெச்சிருக்கறது."

அந்த 'எப்பவும்' எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை. குறிப்பை எழுதி மேலே அனுப்பினேன். கையெழுத்து போட்டுவிட்டு, "பேனா உங்களுதுங்களா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு பக்கக் கட்டுரையைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். மோசமில்லை. அதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டும் என்று தோன்றாததுதான் சங்கடமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோழன் வந்தான். அவன் இப்போது திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். பெரியவர் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன நாள் நடக்க விட்ட?"

"மூணு."

டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். "பரவால்ல. திருப்பூர்ல எனக்கு வாடக வீடு கெடைக்க எட்டு மாசம் ஆச்சு" என்றான்.