எழுந்தவுடன் டெலிவிஷன்: லண்டன் நாட்குறிப்பு, 1983

ஜனவரி 16, ஞாயிறு

நாளைக் காலை ஆறரை மணிக்கு பி.பி.சி. ஸ்தாபனத்தார் ‘பிரேக்ஃபாஸ்ட் டைம்’ என்ற பெயரில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியைத் தொடங்கப் போகிறார்கள். சென்ற வருஷத்து பாக்லாந்து யுத்தத்துக்குப் பிறகு எங்கள் டூட்டிங் தெருவில் இத்தனை வாக்குவாதத்தை நான் கேட்டதில்லை. அமெரிக்கர்கள் 1952 ஜனவரி 14 அன்றே ‘டுடே’ என்ற காலை நிகழ்ச்சியைத் தொடங்கி, டேவ் காரவே என்ற மூக்குக்கண்ணாடிக் கனவானைத் தங்கள் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக்கொண்டார்கள். இந்நாட்டாரோ, 1977-ல் யார்க்ஷயர் டெலிவிஷன் சில வாரங்கள் நடத்திய பரீட்சையைத் தவிர, முப்பத்தொரு வருஷம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காலையில் பத்திரிகையும் ரேடியோவும், மாலையில் டெலிவிஷன் என்பது இங்கே எழுதாத சாஸ்திரம்.

அடுத்த வீட்டு மூதாட்டியார், பகலில் டெலிவிஷன் பார்ப்பது நோயாளிகளும் வேலையற்றவர்களும் செய்யும் காரியம் என்று இன்று வேலிக்கு அப்பாலிருந்து தீர்ப்புச் சொன்னார். வேலையற்றவர்களின் தொகை முப்பது லட்சத்தைத் தாண்டி நிற்கும் இத்தேசத்தில் அவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வந்தால்தான் என்ன என்று கேட்க நினைத்தேன். வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் வேறு. சுயேச்சை ஒலிபரப்பு ஆணையம் 1980 டிசம்பரில் டி.வி.ஏ.எம். என்ற புதிய கம்பெனிக்குக் காலைநேரத்து உரிமையை அளித்தது. அவர்கள் பிப்ரவரி முதல் தேதி வருவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னதாகவே கடையைத் திறந்துவிட வேண்டும் என்பது பி.பி.சி.யின் வியூகம்.

ஜனவரி 17, திங்கள்

பார்த்தேன். பி.பி.சி. என்றதும் நாம் எதிர்பார்க்கும் மேஜையும் நிமிர்ந்த முதுகும் காணோம். சிவந்த தோல் சோபா ஒன்றில் பிராங்க் பஃபும் செலினா ஸ்காட்டும் உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள்போல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னவர் நெடுங்காலம் விளையாட்டு நிகழ்ச்சிகளை நடத்தியவர். பின்னவர் எதிர்த்தரப்பான வியாபார டெலிவிஷனின் செய்திப் பிரிவிலிருந்து வந்தவர். செய்தி, சீதோஷ்ணம், ரயில் தாமதம், பத்திரிகைகளின் முதல் பக்கம், மறுபடி செய்தி என்று எதுவும் சில நிமிஷங்களுக்கு மேல் நீளாமல், ஒன்றையொன்று முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து போயின.

நிகழ்ச்சியைவிட நிகழ்ச்சியைப் பார்த்தவர்களைப் பார்ப்பதே எனக்கு விசேஷமாக இருந்தது. என் மகன் முகத்தில் சவர நுரையோடு வாசற்படியில் நின்று அரை நிமிஷம் கேட்டுவிட்டுப் போனான். பேரக் குழந்தைகள் இருவரும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தின்றார்கள். மருமகள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தபடியே, திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த மணியை மட்டும் நோக்கி, “மாமா, அது சரியான மணியா? நம் சுவர்க்கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் நிற்கிறதே!” என்றாள். முதல் நாள் நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் குடும்பத்தின் அபிப்பிராயம் இவ்வளவே. உட்கார்ந்து முழுவதும் பார்த்தவன், பென்ஷன் வாங்கும் நான் ஒருவன்தான்.

ஜனவரி 21, வெள்ளி

வாரம் முடிகிறது. பத்திரிகைக் கடைக்கார குஜராத்திக் கனவான், காலையில் டெலிவிஷன் வந்தால் தம் வியாபாரம் படுத்துவிடும் என்று போன வாரம் கலங்கியவர், இன்று சற்றே ஆறுதலாக இருக்கிறார். நிகழ்ச்சியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பதற்கே ஜனங்கள் பத்திரிகை வாங்குகிறார்களாம். பத்திரிகைகளின் பிரதிகூலமான தொனியும் நாலைந்து நாளில் தேய்ந்துவிட்டது.

தெருவில் கேட்கும் பேச்சில் ஒரு முறையைக் கவனிக்கிறேன். ‘பார்த்தீர்களா?’ என்று கேட்டால், ‘செய்திக்காகச் சற்று வைத்தேன்’ என்றே ஒவ்வொருவரும் ஆரம்பிக்கிறார்கள். செய்தியில் என்ன வந்தது என்று மேலும் கேட்டால் ஞாபகத்தில் இருப்பதில்லை. ஆனால் பச்சை உடையணிந்து தேகப்பயிற்சி கற்பிக்கும் டயானா மோரன் அம்மையார் என்ன செய்தார் என்பதும், ரஸ்ஸல் கிராண்ட் என்ற பருத்த ஜோசியர் கன்னிராசிக்கு என்ன பலன் சொன்னார் என்பதும் எழுத்துப் பிசகாமல் வருகின்றன. ‘பச்சைத் தேவதை’ என்று அந்த அம்மையாருக்குப் பெயரே வைத்தாயிற்று. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பாங்க் குமாஸ்தா ஒருவர், ஜோசியத்தை அரச சாசனம் பெற்ற ஸ்தாபனம் ஒளிபரப்புவது தேசத்துக்கே தலைகுனிவு என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்துவிட்டு, தம் ராசிக்கு இன்று பயணம் அனுகூலமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதைப் பாசாங்கு என்று நான் தள்ளமாட்டேன். தாம் எப்படிப்பட்ட ரசிகராக இருக்க விரும்புகிறார் என்பதை மனிதர் முதல் வாக்கியத்திலும், எப்படிப்பட்டவராக இருக்கிறார் என்பதை இரண்டாவது வாக்கியத்திலும் சொல்லுகிறார், இரண்டும் உண்மையே. நிகழ்ச்சியின் ஆசிரியர் ரான் நீல் என்பவர் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

பிராங்க் பஃப் அணியும் கம்பளிப் பின்னல் சட்டைகளைப் பற்றியும் எழுத வேண்டுமென்றிருந்தேன். அவற்றைப் பற்றி நாடே பேசிவிட்டது.

பிப்ரவரி 1, செவ்வாய்

நேற்றிலிருந்து காரின் முன் ஆசனத்தில் இருப்பவர்கள் பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. தண்ணீர்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் வேறு நடந்துகொண்டிருக்கிறது. இவற்றுக்கு நடுவே டி.வி.ஏ.எம். இன்று உதயமாயிற்று.

இவர்களுடைய ஆடம்பரத்துக்குக் குறைவில்லை. கேம்டன் லாக்கில் பழைய மோட்டார்க் கொட்டகை ஒன்றை டெர்ரி பாரல் என்ற கட்டடக்கலை நிபுணரைக் கொண்டு மாற்றியமைத்து, கூரை விளிம்பில் பெரிய பெரிய முட்டைக் கிண்ணங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நிக்ஸனைப் பேட்டி கண்ட டேவிட் பிராஸ்ட், செய்தி வாசிப்பில் புகழ்பெற்ற ஆனா போர்டு, ஏஞ்சலா ரிப்பன், உரையாடலில் நிகரற்ற மைக்கேல் பார்க்கின்சன், சரித்திர அறிஞர் ராபர்ட் கீ ஆகிய ஐவரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் மட்டுமல்லர், பங்குதாரர்களும்கூட. தலைவர் பீட்டர் ஜே, வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர், பொருளாதாரத்தில் மேதை. செய்தியை வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல் அதன் காரண காரியங்களை விளக்குவதே டெலிவிஷனின் தர்மம் என்பது அவருடைய நீண்டநாளைய சித்தாந்தம்.

ஆறு மணிக்கு ராபர்ட் கீ தோன்றினார். இரண்டு வருஷத்துக்கு முன் பி.பி.சி.யில் அவர் நடத்திய அயர்லாந்து சரித்திரத் தொடரை வாரந்தோறும் தவறாமல் பார்த்தவன் நான். ஆகையால் சாவகாசமாக உட்கார்ந்தேன். அவர் சொன்னதெல்லாம் கேட்கத் தகுந்ததாகவே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அவ்வேளையில் விழித்திருந்தவர்கள் நானும் வாசலில் பால் வைத்துவிட்டுப் போனவரும்தான். பிறகு பிராஸ்டும் ஆனா போர்டும் வந்தபோது வீடு எழுந்துவிட்டது. ஆயினும் அவர்கள் ஒரு விஷயத்தைத் தொடங்கி அதன் ஆதியையும் அந்தத்தையும் கூறி முடிப்பதற்குள், மகன் குளித்துவிட்டு வந்து, உடுத்துக்கொண்டு, குடையைத் தேடிக்கொண்டிருந்தான். “இன்னும் அதே பேச்சா, அப்பா?” என்று கேட்டுவிட்டுப் பழைய சானலைத் திருப்பினான்.

பிப்ரவரி 20, ஞாயிறு

பி.பி.சி.க்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களும், டி.வி.ஏ.எம்.முக்குச் சில லட்சங்களுக்குள் அடங்கியவர்களுமே சேருகிறார்கள் என்று பேச்சு. அபஜெயத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லுகிறார்கள். இரண்டு வாரம் பிந்திவிட்டார்கள், நட்சத்திரங்கள் அதிகம், விளம்பரத்தில் தோன்றும் நடிகர்களுக்கான கூலி பற்றி அவர்களுடைய சங்கத்துக்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கும் உள்ள தகராறினால் விளம்பரம் வந்து சேரவில்லை. இந்த மூன்றாவது காரணம் கம்பெனியின் கஜானாவைப் பற்றியது. ஜனங்களைப் பற்றியது அன்று. விளம்பரம் குறைந்தால் பார்க்கிறவன் மகிழ்வானே தவிர ஓடமாட்டான்.

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. விளக்கம் என்பதற்கு உட்கார்ந்து கேட்கும் ஒருவன் வேண்டும்; காலை வேளையில் இங்கிலாந்தில் எவனும் உட்காருவதில்லை. நம் ஊரில் 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாள் பாடிய சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தபின், எத்தனையோ வீடுகளில் விடியற்காலையில் அது ஒலிக்கத் தொடங்கிற்று. அதை யாரும் கைகட்டி உட்கார்ந்து கேட்டதில்லை. இந்த அடி வந்தால் பால் காய வேண்டும், அந்த அடி வந்தால் பிள்ளைகள் குளித்தாக வேண்டும் என்று வீடு அதன் கதியில் நடந்தது. பி.பி.சி.யின் சோபா இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது: ஜோசியர் வந்தால் மருமகள் காலணி மாட்டுகிறாள், இரண்டாவது சீதோஷ்ண அறிக்கைக்கு மகன் கதவைச் சாத்துகிறான்.

இதனால் ஜனங்கள் அறிவுக்கு விரோதிகள் என்று எழுதும் பத்திரிகை மேதாவிகளை நான் ஒப்பவில்லை. மாலையில் அயர்லாந்து சரித்திரத்தை மணிக்கணக்காகப் பார்த்தவர்களும் இதே ஜனங்கள்தான். காலை ஏழேகாலுக்கு அந்தக் கவனத்தை அவர்களிடம் கேட்பதுதான் தவறு.

மார்ச் 19, சனி

பீட்டர் ஜே நேற்று ராஜினாமா செய்துவிட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜொனதன் எய்ட்கன் பொறுப்பேற்றிருக்கிறார். தெருவில் இதைப் பற்றி எழுந்த பேச்சில் இரக்கம் குறைவாகவும் ரசம் அதிகமாகவும் இருந்தது வருத்தம் தந்தது. காலை நிகழ்ச்சியை ஒரு நாளும் திறந்து பார்த்திராதவர்கள்கூட அது வீழ்வதைக் கதைபோலப் பின்தொடருகிறார்கள். படித்தவர் ஒருவர் தம் கொள்கையோடு விழுவதைப் பார்ப்பதில் இங்குள்ள மத்தியதர வகுப்பாருக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அது நமக்கும் அந்நியமானதல்ல.

ஏப்ரல் 4, ஈஸ்டர் திங்கள்

பள்ளிக்கூட விடுமுறை. சென்ற வெள்ளிக்கிழமையிலிருந்து டி.வி.ஏ.எம்.மில் ரோலண்ட் ராட் என்ற எலிப் பொம்மை ஒன்று வந்து வாய்க்கு வந்தபடி பேசுகிறது. ஜனவரியில் திரைக்கு முதுகைக் காட்டிய என் பேரக் குழந்தைகள், இப்போது பாயும் போர்வையுமாகக் கூடத்துக்கே குடிவந்துவிட்டார்கள். சின்னவன், “தாத்தா, மறைக்காதீர்கள்!” என்று என்னையே அதட்டுகிறான். மூழ்கும் கப்பலை விட்டு எலி ஓடுவதுதான் வழக்கம், இங்கே எலி தேடி வந்து ஏறியிருக்கிறது என்ற வேடிக்கைப் பேச்சு ஊரெங்கும் நடமாடுகிறது.

இதில் சரித்திரத்தின் குறும்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ‘டுடே’யும் ஆரம்பத்தில் விமர்சகர்களால் பரிகசிக்கப்பட்டுத் தள்ளாடியபோது, 1953-ல் ஜே. பிரெட் மக்ஸ் என்ற சிம்பன்ஸிக் குரங்கு வந்து சேர்ந்து, குழந்தைகள் வழியாகப் பெற்றோரையும் பெற்றோர் வழியாக விளம்பரதாரரையும் பிடித்துக் கொடுத்தது. அதே வருஷம் ஜூன் 2-ம் தேதி எலிசபெத் ராணியாரின் முடிசூட்டு விழாவை ‘டுடே’யின் ஸ்தாபனமான என்.பி.சி. காட்டிய நிகழ்ச்சியிலும் அக்குரங்கு தலைகாட்டிற்று. இந்நாட்டார் கொதித்தெழுந்தார்கள். வியாபார டெலிவிஷனை அனுமதித்தால் பிரிட்டனுக்கும் இந்தக் கதிதான் என்று அதன் எதிரிகள் அக்குரங்கைச் சாட்சியாகக் காட்டி வாதாடினார்கள். அந்த வாதத்தையும் மீறி 1955-ல் வியாபார டெலிவிஷன் வந்தது; இப்போது அதன் காலைப்பகுதியைக் காப்பாற்ற ஓர் எலி வந்திருக்கிறது. ஆனால் எலியைக் கண்டு எந்தக் கனவானும் கொதிக்கவில்லை. வாஷிங்டனில் தூதராக வாழ்ந்த பீட்டர் ஜே அக்குரங்கின் கதையை அவசியம் கேள்விப்பட்டிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

ஆனா போர்டும் ஏஞ்சலா ரிப்பனும் விலக்கப்பட்டுவிட்டார்கள். இதற்குத் தெருவிலுள்ள பெண்கள் காட்டிய கோபம், அவர்கள் நிகழ்ச்சிக்குக் காட்டிய ஆதரவைவிடப் பன்மடங்கு பெரியது. மருமகள் இரண்டு நாள் டி.வி.ஏ.எம்.மைத் திறக்கவே விடவில்லை. குழந்தைகள் எலிக்காகச் சத்தியாக்கிரகம் செய்து மூன்றாம் நாள் வென்றார்கள்.

ஜூன் 12, ஞாயிறு

தேர்தல் முடிந்து தாட்சர் அம்மையார் பெரும்பான்மையோடு திரும்பியிருக்கிறார். டி.வி.ஏ.எம்.மிலும் புதிய ஆட்சி. கிரெக் டைக் என்ற இளைஞர் நிகழ்ச்சிகளின் தலைமையை ஏற்றபின், விளையாட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த நிக் ஓவனும், பி.பி.சி.யிலிருந்து வந்த ஆன் டயமண்டும் சோபாவில் அமர்ந்திருக்கிறார்கள். இருவர் பேச்சிலும் தோரணை இல்லை. அறைக்குள் வருவோரும் போவோரும் எந்த இடத்தில் விட்டாலும் மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி பேசுகிறார்கள். தெருவார் மெல்ல மெல்ல அங்கே நகருகிறார்கள். நான்கு மாதத்துக்குள் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றன் சாயலாக மற்றொன்று ஆகிவிட்டபடியால், எதைப் பார்க்கிறோம் என்ற கேள்விக்கே இனி அதிகப் பொருளில்லை. பஸ்ஸுக்கு எது தோதாக மணி காட்டுகிறதோ அதையே மருமகள் வைக்கிறாள்.

இன்று அடுத்த வீட்டு மூதாட்டியார் வேலியருகே வந்து, ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த அந்தச் சரித்திரக்காரரை இப்போதெல்லாம் காணோமே என்று விசாரித்தார். யாரைச் சொல்லுகிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிப்ரவரியில் தினமும் அதிகாலையில் எழுந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ராபர்ட் கீயை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடுவது அவர் வழக்கமாம். அந்த வயதில் உறக்கம் ஐந்து மணிக்கே கலைந்துவிடுகிறது, அவசரமாகப் போகவேண்டிய இடமும் இல்லை. உட்கார்ந்து கேட்பதற்கு அவருக்குச் சாவகாசம் இருந்தது. பகல் டெலிவிஷனைப் பற்றி ஜனவரியில் அவர் அளித்த தீர்ப்பை நான் நினைவூட்டவில்லை. கீ எழுதிய அயர்லாந்து சரித்திரப் புத்தகம் நூல்நிலையத்தில் கிடைக்கும் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை இருவருமாகப் போய் எடுத்து வருவதாக ஏற்பாடு.