நீர் போன வழி

'மாயமாய்ப் போயிற்று' என்கிறபோது நாம் பொருளைப்பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் தேடல் எங்கே நின்றுபோயிற்று என்பதைத்தான் சொல்கிறோம். டீஸல் இயந்திரங்களோடு ஜீவனம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த வார்த்தையை நான் அடிக்கடி கேட்க நேர்கிறது. நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகின் டிரைவர் சொன்னார்: "தண்ணி மாயமாப் போவுதுண்ணே. கீழ ஒரு சொட்டு கெடயாது."

பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு லிட்டர் குறைகிறது. முன்பு பார்த்தவர்கள் ஹெட் கேஸ்கட் என்று தீர்மானித்து, இரண்டு முறை ஹெட்டை இறக்கி ஏற்றியிருந்தார்கள். கேஸ்கட் புதிது. நீர் பழையபடி குறைந்தது. தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது. ஒன்பது நாள் மிச்சம். படகுக்காரர் பெரியவர். ஹெட்டுக்குக் கொடுத்த பணமே வட்டிக்கு வாங்கியது. "ரெண்டு கேன் தண்ணி கூட ஏத்திக்கிட்டா ஓடாதா தம்பி?" என்று கேட்டார்.

ஓடும். ஓட்டை இதே அளவில் இருக்கிறவரை ஓடும். அது பெரிதாகிற இரவில், கேன்கள் காலியானபின், யாராவது வாளியில் கடல்நீரை மொண்டு கொதிக்கிற இயந்திரத்தில் ஊற்றுவார்கள். காய்ந்த வார்ப்பிரும்பு குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். அதன்பின் படகு காற்றும் நீரோட்டமும் சொல்கிற பக்கம் போகும். கோடியக்கரைக்குத் தென்கிழக்கே அது எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். 1974லும் 1976லும் ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு நீரின்மேல் தெரிவதில்லை. இயந்திரம் நின்று மிதந்து வந்தோம் என்பதைக் கேட்கிறவன் நம்பவேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. படகில் ஏழு பேர்.

லாரியில் இந்தத் துப்பறிதல் சுலபம். தரை சாட்சி சொல்லும். இரவு நின்ற இடத்தில் காலையில் ஈரம் இருக்கும். நீர் சிலிண்டருக்குள் போனால் வெள்ளைப் புகை காட்டிக்கொடுக்கும். படகுக்குத் தரை இல்லை. அடித்தளத்தில் எப்போதும் ஏதோ ஒரு நீர் நிற்கிறது. அதில் இன்னொரு நீர் சொட்டினால் யாருக்குத் தெரியும்? இந்தப் படகில் புகையே கடல்நீரோடு கலந்துதான் பின்புறம் வெளியேறுகிறது. ஆவி எது, புகை எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. தடயம் உண்டாகிற கணத்திலேயே அழிந்துவிடுகிற ஸ்தலம் இது. ஆகவே இங்கே தடயத்தைத் தேடினால் போதாது. தடயம் தங்குவதற்கு ஓர் இடத்தை முதலில் நாம் உண்டாக்கவேண்டும்.

அடித்தளத்தைத் துடைத்து உலர்த்திப் பழைய செய்தித்தாள்களைப் பரப்பினேன். மேல்தொட்டியின் வழிவாய்க்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி அதன் நுனியை பாட்டிலில் விட்டேன். காலையில் இயந்திரம் ஆறியிருக்கிற ஒரே நேரத்தில், ஒரே குச்சியால், மட்டத்தை அளந்து எழுதிவைத்தேன். படகைக் கரையில் கட்டியபடியே பாரத்தோடு ஓட்டினோம். முதல் நாள் பாட்டிலில் அரை லிட்டர் விழுந்தது. டிரைவர் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார். அது களவு அல்ல. தொட்டியைக் கழுத்துவரை நிரப்பினால் அப்படித்தான் ஆகும்: 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு போல விரிகிறது. இருபது லிட்டருக்கு அரை லிட்டர். மறுநாள் மேலே இடம் விட்டு நிரப்பியதும் பாட்டில் காலியாகவே இருந்தது. மட்டம் மட்டும் குறைந்தது. செய்தித்தாள் உலர்ந்தே கிடந்தது.

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அறிவின் வழிகளை அடுக்கிக்கொண்டு போகிறான். காண்டல், கருதல் என்று தொடங்குகிற அந்த வரிசையில் மீட்சி என்று ஒன்று உண்டு. இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என அறிவது. ஒன்று உறுதியானதால் மற்றதை உணர்கிற வழி. இயந்திரக்காரனின் அன்றாட அளவை இதுதான். ஆனால் அந்த உதாரணம் எவ்வளவு சௌகரியமானது என்பதைக் கவனிக்கவேண்டும். களத்தில் இருவரே இருக்கிறார்கள். என் களத்தில் கேஸ்கட், ஹெட், லைனர், லைனரின் அடிவளையங்கள், எண்ணெய்க் கூலர், நீர் சூழ்ந்த புகைக்கூடு, கடல்நீர்க் கூலர் என்று ஏழெட்டுப் பேர். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலும் மீட்சி பொய் சொல்லும்; அதுவும் தர்க்கத்தின் முகத்தோடு சொல்லும்.

ஒரு பெயர் விடுபட்டுத்தான் இருந்தது. இயந்திரத்துக்குள் சுற்றுவது நன்னீர். கூலரில் மெல்லிய செம்பு-நிக்கல் குழாய்களின் ஒரு பக்கம் அந்த நன்னீரும் மறுபக்கம் கடல்நீரும் ஓடுகின்றன; நடுவே ஒரு உலோகச் சுவர், அவ்வளவே. கூலரை எல்லோரும் முதலிலேயே விடுதலை செய்துவிட்டார்கள். காரணம், தொட்டி நீரில் உப்பு இல்லை. டிரைவர் நாக்கில் வைத்துப் பார்த்திருந்தார். நான் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்த்தேன், வெண்மையாகத் திரியவில்லை. உப்பு உள்ளே வரவில்லை என்பது பிரத்யட்சம். ஆனால் சுவர் முழுசாக இருக்கிறது என்பது அதிலிருந்து கிடைக்காது. கசிவு அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே போகும். ஓடும்போது மூடியின் 7 பவுண்டு அழுத்தம் நன்னீர்ப் பக்கம். நின்றபின்னும் இந்தப் படகில் மேல்தொட்டி கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நீர் எப்போதும் வெளியேதான் போகும். கடல் உள்ளே வருவதற்கு ஒரு கணமும் வாய்க்கவில்லை.

மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி 7 பவுண்டு ஏற்றினேன். அரை மணியில் முள் 4க்கு வந்தது. ஓட்டை உண்டு, இடம் தெரியாது. இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கையால் சுழற்றினோம், சிலிண்டர்கள் உலர்ந்திருந்தன. இரவெல்லாம் ஆறவிட்டு எண்ணெய்த் தொட்டியின் திருகைத் தளர்த்தினோம். எண்ணெயில் நீர் இருந்தால் கனத்தால் அடியில் தங்கி முதலில் வரும். எண்ணெய்தான் வந்தது. தொட்டி நீரில் எண்ணெய்ப் படலமும் இல்லை. புகைக்கூட்டின் வாயைத் திறந்து பார்த்தோம்; கரி மட்டும். கூலருக்குப் போகிற இரண்டு குழாய்களையும் கழற்றி அடைத்து மறுபடி பம்பு செய்தோம். முள் 7இல் நின்றது. ஒரு மணி நேரம் அசையவில்லை.

இது மீட்சி. இதோடு நிறுத்தக்கூடாது, மீட்சி காண்டலில் முடியவேண்டும் என்பது என் பிடிவாதம். குழாய்களை மாட்டி, கூலரின் கடல்நீர்ப் பக்கத்து இரு மூடிகளையும் திறந்து, அழுத்தம் ஏற்றிவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்தோம். ஒரு குழாயின் வாயில் நீர் திரண்டது, தயங்கியது, விழுந்தது. கூலருக்குப் பதிலாக அரிபட வேண்டிய துத்தநாகக் குச்சியின் இடத்தில் வெறும் திருகாணி இருந்தது. குச்சி எப்போதோ கரைந்துவிட்டிருக்கிறது. குழாயின் இரு நுனியிலும் ஆப்பு அடித்தால் அந்தப் பருவத்துக்குப் போதும். பெரியவர் அதையே தேர்ந்தார். குச்சி புதிதாகப் போட்டோம்.

இதை இந்தப் பக்கங்களில் எழுதக் காரணம் உண்டு. எந்தக் குறைக்கும் ஹெட்டை இறக்குகிறவர்கள் நம் விமர்சனத்திலும் இருக்கிறார்கள். கவிதை வற்றுகிறது என்றால் உடனே யுகத்தை, மரபை, சமூகத்தைக் கழற்றிப்போடுகிறார்கள். கேனில் கொண்டுவந்து ஊற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு குறைகிறது, எந்நேரம் குறைகிறது என்று ஒரு குச்சியை வைத்து அளந்தவர்கள் அபூர்வம். வெளியிலிருந்து எதுவும் கலக்கவில்லை, ஆகவே சுவர் பத்திரம் என்கிற வாதத்தை மொழியின் தூய்மைபற்றியும் கேட்டிருக்கிறேன். உப்புக் கரிக்காத நீரை ருசி பார்த்துத் திருப்தி அடைகிறவர்களின் வாதம் அது. உள்ளே வருவது ஒன்றும் இல்லாதபோதே, உள்ளே இருப்பது போய்க்கொண்டிருக்கலாம்.