அக்குள் தையல்

ராஜபாளையத்தில் பஸ் ஏறித் தளவாய்புரத்தில் இறங்கினேன். தெருவுக்குள் நுழைந்ததுமே காதில் விழுந்தது தையல் மிஷின் சத்தம்தான். இந்த வட்டாரமே நூலை நம்பிப் பிழைக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னாலேயே பல நூற்பாலைகள் வந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டி ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிறது. தளவாய்புரத்துக்கு வாய்த்தது நைட்டி.

நான் போன பட்டறை ஒரு வீட்டு மாடி. ஓரத்து மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை வைத்துக் கோடு போட்டு, கரண்டுக் கட்டரால் வெட்டிக்கொண்டிருந்தார் கட்டிங் மாஸ்டர். அடுக்கு நகர்ந்தால் அடித்துணியில் அளவு மாறிவிடும். அதனால் நான் கேட்டதற்கு வெட்டி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கழுத்துக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தாள். வளைவில் ஓரிடத்தில் பைப்பிங் கொஞ்சம் தடித்துவிட்டது. பிரித்துத் தைத்தாள். திரும்பவும் அதே இடத்தில் தடித்தது. மறுபடி பிரித்தாள். மூன்றாவது தடவை பிளேடை எடுத்தபோது, வேலையை மேற்பார்க்கும் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு புள்ள. பிரிச்சுப் பிரிச்சுத் தச்சா துணி சல்லடையாப் போயிரும்.”

பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தக் கழுத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பைப்பிங் ஓரத்தில், முன்னே ஊசி ஏறி இறங்கிய இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிந்தது. குறையைத் தீர்க்கப் போன கையே துணியின் பலத்தைக் குறைத்திருந்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அக்கா அதையும் பார்த்தார். “அடுத்த பீஸ்ல வளைவுக்கு வரும்போது மெதுவா மிதி” என்று மட்டும் சொன்னார்.

இவர் எதையும் விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரத்தில் அந்த நினைப்பு மாறிவிட்டது. பட்டறையிலேயே வேகமாகத் தைக்கிற பெண் முடித்த ஒரு டஜன் அக்காவிடம் வந்தது. ஒவ்வொன்றிலும் அக்குள் பக்கத்தை மட்டும் உள்புறம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். கைத் தையலும் பக்கத் தையலும் சந்திக்கிற முனை அது. கையை மேலே தூக்கினால் இழுவை முழுவதும் அங்கேதான் விழும். ஓரத்தில் துணி ஒழுங்காகப் பிடிபடாவிட்டால் நாலு சலவையில் தையல் பல்லிளித்துவிடும்.

“இதுல ஏழ பிரிச்சுத் தையி.”

“வெளிய தெரியவா போகுதுக்கா?”

“தெரியாது. கிழியும்.”

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “கழுத்து கொஞ்சம் தடிச்சா போட்டுக்கிறவளுக்கு ஒண்ணுமில்ல தாயி. அக்குள் விட்டுச்சுன்னா கொடம் தூக்கும்போது மானம் போயிரும்.”

ஏற்றுமதித் தொழிலிலும் இப்படித்தான் ஒரு கணக்கு இருக்கிறது. ஏ.கியூ.எல். 2.5 என்ற வழக்கமான அளவுகோலில், 501 முதல் 1,200 வரை உள்ள சரக்கில் 80 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை ஐந்து வரை இருந்தால் சரக்கு தேறும், ஆறானால் திரும்பும். ஆனால் உடைந்த ஊசிமுனை மாதிரி ஆளைக் காயப்படுத்தும் குறைக்கு மன்னிப்பே கிடையாது. எந்தக் குறை பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்று அந்த அட்டவணை சொல்வதை இந்த அக்காவின் கட்டைவிரல் சொல்கிறது. அந்த விரலைத்தான் நான் அதிகம் நம்புவேன். அது போட்டுக்கொள்கிறவளின் நாளை நினைத்துப் பார்க்கிறது.

அன்று முழுக்க, குறையே இல்லாத வேலை என்று அங்கே யாரும் பேசவில்லை. அவர்கள் சொன்னது “சுத்தமான வேலை”. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஒரு கட்டுரையின் முதல் பத்தியைப் பத்துத் தடவை அடித்து எழுதிவிட்டு, நடுவில் ஒரு தகவலைச் சரிபார்க்காமல் நான் விட்டிருக்கிறேன். கழுத்தைப் பார்த்துப் பார்த்து அக்குளை விட்ட வேலை அது.

மனதை உறுத்திய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே பீஸ் கணக்கில்தான் கூலி. அந்த ஏழு பீஸையும் பிரித்துத் தைத்த நேரத்துக்குக் காசு இல்லை. சுத்தத்தால் பெயர் வாங்குவது பட்டறை. அதற்கு நேரம் கொடுப்பது தைக்கிறவள். பழகும் காலத்திலாவது பிரிக்கிற நேரத்துக்கும் கூலி இருந்தால், “தெரியவா போகுது” என்ற கேள்வி பாதியாகக் குறையும் என்று நான் நம்புகிறேன்.

கிளம்பும்போது அந்தப் புதுப்பெண் அடுத்த கழுத்தில் இருந்தாள். வளைவு வந்ததும் மிஷின் சத்தம் தணிந்து, தாண்டியதும் மறுபடி ஏறியது.

தெருமுனைக் குழாயடியில் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். நிரம்பிய குடத்தைத் தூக்கித் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். என் கண் அவர் அக்குளுக்குத்தான் போனது. தையல் அசையவில்லை.