ஊசி ஏறிற்று, தண்டு நின்றது

பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர்போன கோயம்புத்தூரில் மோட்டார்ப் பந்தயமும் ஆழ வேரூன்றியிருக்கிறது என்பதை வெளியூர்க்காரர் பலர் அறியார். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன், மாருதி எஞ்சினை வைத்தே பந்தய வண்டிகளைத் தம் ஊரில் கட்டி, கைப்பணம் இல்லாத இளைஞர்களும் பந்தயத்தில் இறங்க வழி செய்தார். 1995-ல் அவர் அகால மரணம் அடைந்த பின், செட்டிபாளையத்தில் எழுந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வூர்க்காரரே. இந்தக் கீர்த்திக்கெல்லாம் அடியில், எண்ணெய்க் கையோடு உழைக்கும் பட்டறைகள் ஊரெங்கும் சந்துபொந்துகளில் இருக்கின்றன.

அப்படியொரு பட்டறைக்கு என்னை அழைத்துப் போனவர், நூற்பாலை யந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் என் நண்பர். அவருடைய அக்காள் மகன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஐரோப்பியக் கார் ஒன்றில், கம்பெனி வைத்த டர்போவைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக வெளிச்சந்தை டர்போ ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அன்றுமுதல், பதினான்கு பவுண்டில் நிற்க வேண்டிய காற்றழுத்தம் எஞ்சினின் சுற்று ஏற ஏற இருபதை எட்டுவதும், உடனே காரின் கம்ப்யூட்டர் எரிபொருளை வெட்டிவிட, வண்டி ஒரு குதி குதித்து அடங்குவதும் வாடிக்கையாகிவிட்டன. இரண்டு பட்டறைகள் ஏறி இறங்கியாயிற்று, சோலனாய்டை மாற்றியாயிற்று, எலக்ட்ரானிக் பூஸ்ட் கண்ட்ரோலர் என்று விலை உயர்ந்த பெட்டி ஒன்றையும் வாங்கி மாட்டியாயிற்று. "சிங்காநல்லூர்ப் பக்கம் ஒருத்தர் இருக்காருங்க, நீங்களும் வாங்க, எழுதறதுக்கு விஷயம் கெடைக்கும்" என்றார் நண்பர். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் தம் இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இந்த வண்டி பந்தயத் தளத்துக்கு லாரியில் ஏறிப் போய்வருவது மட்டுமே என்று நண்பர் அழுத்திச் சொன்னார், நானும் அழுத்திக் கேட்கவில்லை.

டர்போவின் தத்துவம் எளிது. எஞ்சின் எரித்துக் கழிக்கும் புகை வெளியேறும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. வீணாகப் போகிற சக்தியைக் கொண்டே எஞ்சினுக்குக் கூடுதல் பிராணவாயு கொடுக்கும் இந்த யுக்திக்கு, ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-லேயே காப்புரிமை பெற்றார். சிக்கல் எங்கே என்றால், காற்று கூடினால் எரிபொருள் கூடுகிறது, எரிபொருள் கூடினால் புகை கூடுகிறது, புகை கூடினால் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சக்கரம் இன்னும் வேகங்கொண்டு இன்னும் காற்றைத் தள்ளுகிறது. தடுப்பார் இல்லாவிட்டால் இந்த விருத்தி பிஸ்டன் உருகித்தான் ஓயும். ஆகவே, ஏரி நிறையும்போது கரை உடையாதபடி மிகைநீரைக் கழிக்கும் கலிங்காக, புகையில் ஒரு பங்கைச் சக்கரத்தின்மேல் படாமல் ஒதுக்கி வெளியேற்றும் வாசல் ஒன்றை வைத்தார்கள். அதுதான் வேஸ்ட்கேட். அந்த வாசலின் மூடியைத் தள்ளித் திறப்பது ஆக்சுவேட்டர். ரப்பர்ச் சவ்வும் ஸ்பிரிங்கும் அடங்கிய சிறு தகர டப்பா அது. டர்போ அழுத்திய காற்றே ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக வந்து சவ்வை அழுத்த, ஸ்பிரிங் தோற்கும் கணத்தில் தண்டு நகர்ந்து மூடி திறக்கிறது. ஸ்பிரிங்கின் அளவுக்கு மேலே அழுத்தம் வேண்டுமென்றால், சோலனாய்டு என்னும் மின் வால்வு நடுவில் நின்று அந்தக் காற்றில் ஒரு பகுதியைக் கசியவிட்டு, மூடி திறப்பதைத் தாமதப்படுத்துகிறது.

இந்தக் கட்டுப்பாட்டில் உலகம் தடுமாறியதற்குச் சரித்திரம் உண்டு. 1962-ல் அமெரிக்காவில் டர்போவோடு விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில், சிலிண்டருக்குள் அகால வெடிப்பு நேராமலிருக்க வாலைநீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை அவ்வப்போது ஊற்றிவர வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள், பலர் டர்போவையே கழற்றி எறிந்தார்கள், அடுத்த வருஷத்தோடு அந்த மாடல் நின்றுபோயிற்று. எழுபதுகளின் பிற்பகுதியில் ஸ்வீடனின் சாப் கம்பெனி, சிறிய டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் இணைத்துத் தன் 99 டர்போ காரை வெளியிட்ட பிறகுதான், அன்றாடக் குடும்ப வண்டியிலும் டர்போ பயமின்றி அமரலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். பையன்கள் அவரை 'அண்ணா' என்றே அழைக்கிறார்கள். சங்ககிரியில் ஒரு டீசல் பம்ப் ரூமில், லாரி எஞ்சின்களின் பம்பைக் கழுவித் துடைக்கும் எடுபிடியாகப் பதினான்கு வயதில் சேர்ந்தவர். லாரிகளுக்கு டர்போ வந்தபோது, வடக்கே நெடுந்தூரம் போய்த் திரும்பும் வண்டிகளின் டர்போக்களைப் பிரித்துப் பார்த்தே வித்தை கற்றார். தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கிறார். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருந்தால் பாதகமில்லையாம், எண்ணெய் ஏறினால் அது அடங்கிவிடுமாம். நீளவாக்கில் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால்தான் கதை முடிந்ததாம். இந்தக் காரின் டர்போவையும் முதலில் அப்படித்தான் பரீட்சித்து, "நல்லாருக்குதுங்க, இதுல குத்தமில்ல" என்று சொல்லிவிட்டார். பிறகு அவர் செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. கண்ட்ரோலர் பெட்டியையும் சோலனாய்டையும் அடியோடு விலக்கிவிட்டு, டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராக மாட்டச் சொன்னார்.

"மொதல்ல இந்தக் கம்ப்யூட்டரு சமாச்சாரத்தையெல்லாம் களட்டி வெச்சுப்போடலாங்க. வெறும் ஸ்பிரிங்குல எவ்வளவு காட்டுதுன்னு பாக்கோணும்."

ஸ்பிரிங் ஏழு பவுண்டுக்கானது. வண்டியை டைனோ என்னும் சோதனை உருளைகளின்மேல் ஏற்றிக் கட்டி ஓட்டியபோது, மூவாயிரத்து ஐந்நூறு சுற்று வரை அழுத்தம் ஏழிலேயே சாதுவாக நின்றது. அதற்கு மேல் எட்டு, ஒன்பது என்று சரிவில் ஏறி, ஆறாயிரத்தில் பதின்மூன்றைத் தொட்டது. அழுத்தம் ஒரு கணம் எகிறி அடங்கினால் அது கட்டுப்பாட்டின் தாமதம். இப்படிச் சுற்றோடு சுற்றாக ஊர்ந்து ஏறினால், கழிய வேண்டிய புகை கழியவில்லை என்று பொருள். சோலனாய்டே இல்லாத நிலையில் இது நேர்ந்ததால், அதை மாற்றியதும் புதுப்பெட்டி வாங்கியதும் அபத்தம் என்பது அந்த ஒரே ஓட்டத்தில் நிரூபணமாகிவிட்டது. அதன்பின் ஹோஸ்களைச் சோப்புநீர் தடவிக் கசிவு பார்த்தார்கள், கசிவு இல்லை, அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சின்னப் பம்பு இருந்தது. துப்பாக்கிப் பிடி வைத்த கைப்பம்பு. தலையில் வட்டமான கேஜ், அதிலிருந்து ஒரு முழ ஹோஸ். பிடியின் கறுப்பு ரப்பர் தேய்ந்து உலோகம் பளபளத்தது. கேஜின் கண்ணாடியில் பழைய விரிசல் ஒன்று, அதன்மேல் செலோடேப். பம்ப் ரூமை விட்டு வரும்போது முதலாளி கொடுத்ததாம். ஹோஸின் முனையை ஆக்சுவேட்டரின் மூக்கில் செருகி, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு பையனை டார்ச் பிடிக்கச் சொல்லி, ஆக்சுவேட்டர்த் தண்டின்மேல் இரும்பு ஸ்கேலைச் சார்த்திக்கொண்டு, பிடியை மெல்ல மெல்ல அழுத்தினார். நானும் சாக்கை விரித்து அருகில் படுத்தேன்.

ஊசி ஐந்தைத் தாண்டி ஆறுக்கு வந்தபோது தண்டு மெதுவாக அசைந்தது. ஏழில் இரண்டு மில்லிமீட்டர், எட்டில் நான்கு, ஒன்பதுக்கு அருகே ஐந்து. அதற்கு மேல் அவர் பிடியை அழுத்த அழுத்த ஊசி பத்துக்குப் போயிற்று, பன்னிரண்டுக்குப் போயிற்று. தண்டு மட்டும் ஐந்து மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டது. அவர் கையை எடுத்துவிட்டுக் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி இறங்கவில்லை. சவ்வு கிழிந்திருந்தால் இறங்கியிருக்கும். ஆக, டப்பா நன்றாயிருக்கிறது, தண்டும் நகர விரும்புகிறது, ஆனால் ஏதோ ஒன்று அதைப் பாதியில் தடுக்கிறது.

"டவுன்பைப்பைக் களட்டுங்கடா" என்றார்.

டர்போவின் வாயிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் தடித்த குழாய் அது. பெரிய டர்போவோடு ஜோடியாக வாங்கிய வெளிச்சந்தைச் சரக்கு. அதை இறக்கிய பின் மறுபடி பம்பைச் செருகி அழுத்தினால், அதே தண்டு ஐந்தில் நிற்காமல் ஆறு, எட்டு, பத்து என்று தாராளமாக ஓடிற்று. வேஸ்ட்கேட் மூடி வாயை அகலத் திறந்து எழுந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. கழற்றிய குழாயின் வாயைத் திருப்பிக் காட்டினார். கரியேறிக் கறுத்த உள்விளிம்பில், நகக்கண் அளவுக்குப் பிறைவடிவில் ஒரு தடம், அங்கே மட்டும் உலோகம் மின்னியது. திறக்கும் மூடி ஒவ்வொரு தடவையும் முட்டி நின்ற இடம் அது. முந்தைய பட்டறையில் ஆக்சுவேட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பரிசோதித்தார்களாம்; மேஜைமேல் அதற்குத் தடை ஏது?

இந்த இடத்தில் என் கோபத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அந்த டர்போவையும் குழாயையும் 'கிட்' என்று ஒரே பெட்டியில் போட்டு விற்ற வியாபாரிக்கு, ஒன்றோடொன்று பொருந்துமா என்று ஒரு தடவையாவது மாட்டிப் பார்க்கும் சிரத்தை இருந்ததா? பெரிய கம்பெனியின் முத்திரையைப் பெட்டியில் அச்சடித்து, உள்ளே யாரோ வார்த்த நகலை வைத்து விற்பவர்களும் இந்தச் சந்தையில் உண்டு என்கிறார்கள். கோளாறு வந்தால் அதே வியாபாரி சோலனாய்டு விற்கிறான். அதுவும் தீர்க்காவிட்டால் கண்ட்ரோலர் விற்கிறான். ஒவ்வொரு விற்பனையிலும் கொண்டுவிட்ட பட்டறைக்குக் கமிஷன் போகிறது. பொருளை மாற்றுபவனுக்கு லாபம், காரணத்தைத் தேடுபவனுக்கு நேர நஷ்டம் என்று ஒரு தொழிலின் பொருளாதாரம் அமைந்துவிட்டால், தேடுகிறவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்? இந்த மனிதரிடம் கற்ற பையன்களில் இருவர் உதிரிபாகக் கடைக்கே வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? மிளகாய் மண்டியிலும் நூல் சந்தையிலும் நான் கண்ட தரகர்கள் குறைந்தபட்சம் தங்களைத் தரகர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். இங்கே அவர்கள் 'டெக்னிக்கல் சப்போர்ட்' என்ற பெயரில் உலவுகிறார்கள்.

குழாயின் உள்விளிம்பைக் கிரைண்டரால் குடைந்து, மெலிந்த இடத்தில் வெளிப்புறம் வெல்டு வைத்து, புது கேஸ்கெட்டோடு ஏற்றினார்கள். ஏற்றிய நிலையிலேயே மறுபடி கைப்பம்பு. தண்டு பத்து மில்லிமீட்டர் ஓடிற்று. டைனோவில் அழுத்தம் ஏழில் பிடித்து, ஆறாயிரம் சுற்றில் எட்டரையில் முடிந்தது. எங்களுக்குத் திருப்தி; அவருக்கு இல்லை. வேஸ்ட்கேட்டின் துவாரமே இந்த எஞ்சினுக்குச் சற்றுச் சிறிது, டர்போவைக் கழற்றி அதைக் குடைந்து அகலப்படுத்தினால் அந்த ஒன்றரைப் பவுண்டும் போய்விடும் என்றார். அக்காள் மகன் அவசரமாக மறுத்துவிட்டான். கம்பெனி சோலனாய்டையே திரும்ப மாட்டிப் பதினான்குக்கு வைத்துக் கொடுத்தால் போதுமாம்.

பில்லில் வெல்டிங், கேஸ்கெட், டைனோ மூன்றுக்கும் தொகை இருந்தது. அடியில் லேபர் என்று ஒரு சொற்பத் தொகை. அக்காள் மகன் அதிலும் பேரம் பேசினான். கண்ட்ரோலர் பெட்டிக்கு வாய் திறக்காமல் கொடுத்தவன் இவன்தானே என்று நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் பர்ஸை எடுத்து, பில்லில் கண்டதற்கு மேலும் இரண்டு நோட்டை வைத்தார். பட்டறைக்காரர் பில்லுக்கு உரியதை எண்ணி எடுத்துக்கொண்டு அந்த இரண்டு நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்தப் பொட்டியத் திருப்பி வாங்குவானான்னு கேட்டுப் பாருங்க தம்பி, பில்லு வெச்சிருக்கறீங்கல்ல?" என்று அக்காள் மகனைக் கேட்டார். பில் கிடையாது, கடைக்காரன் வெறும் துண்டுச்சீட்டில்தான் எழுதிக் கொடுத்தான் என்றான் அவன்.