‘ரெண்டும் அவ்வளவு பிரியம்’ என்றார்கள்

அயனாவரம் பேருந்து நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் நடந்தால் அந்தக் குடியிருப்பு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். படியேறும்போதே டிரில்லிங் சத்தம் காதைத் துளைத்தது. நம் காதுக்கு எட்டவே எட்டாத சத்தங்களும் பூனைக்குக் கேட்கும். இந்த இரைச்சல் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அழைப்பு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் என் அக்காவின் பள்ளித் தோழி; எனக்கும் அக்காதான். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருந்தார். லட்டு, ஐந்து வயதுக் கடுவன் பூனை, கருத்தடை செய்தது. இத்தனை வருடம் ஒழுங்காக மண் தட்டில் போய்க்கொண்டிருந்தது, இப்போது மெத்தையிலும் மடித்துவைத்த துணியிலும் மூத்திரம் போகிறது. “எல்லாம் கொழுப்பு தம்பி. புதுக்குட்டி வந்ததுலேர்ந்து பழி வாங்குது. இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன், அப்புறம் மீன் மார்க்கெட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்” என்றார் அக்காவின் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். வீட்டில் வளர்ந்த எத்தனையோ பூனைகள் இப்படி ஒரு பேச்சுக்குப் பிறகுதான் தெருவுக்கு வருகின்றன. நான் கிளம்பி வந்ததே அதனால்தான்.

புதுக்குட்டியின் பெயர் மைனா. கறுப்பும் வெள்ளையுமான பெட்டை. நாலு மாதத்துக்கு முன் மழையில் படிக்கட்டுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்ததை அக்காதான் தூக்கிவந்தார். நான் உட்கார்ந்ததும் வந்து பையை முகர்ந்தது, செருப்பு வாரைக் கடித்துப் பார்த்தது. வால் நேராக மேலே நின்றது, நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தது. காது இரண்டும் முன்பக்கம் பார்த்திருந்தன. அதன் கண்ணைப் பார்த்து மெதுவாக இமையை மூடித் திறந்தேன். அதுவும் அரைக்கண் மூடித் திறந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்: மெதுவாக இமைத்துக் காட்டும் மனிதருக்குப் பூனைகள் கூடுதலாகப் பதில் இமைக்கின்றன, கை நீட்டினால் கிட்டே வருகின்றன. இந்தக் குட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

“லட்டு எங்கே?”

“எங்கயாவது தூங்கிட்டிருக்கும். இப்பல்லாம் ரொம்ப சமத்து. கத்துறதே இல்ல.”

படுக்கையறையில் மரப் பீரோவின் உச்சியில், பழைய சூட்கேசுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கில் இருந்தது லட்டு. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். தூங்கவில்லை. நாலு பாதமும் பீரோப் பலகையில் அழுந்தியிருக்க, தலையைத் தோளுக்குக் கீழே இறக்கிக் குறுகி உட்கார்ந்திருந்தது. நன்றாகத் தூங்கும் பூனை உடம்பைத் தளர்த்திப் படுக்கும், வயிற்றைக் காட்டும், காலை நீட்டும். இது எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருந்தது. காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தும் கண்மணி விரிந்து கறுப்பாகவே இருந்தது. அந்த வெளிச்சத்தில் அது கோடாகச் சுருங்கியிருக்க வேண்டும். வாலை உடம்போடு இறுக்கிச் சுற்றியிருந்தது. டிரில்லிங் சத்தம் வரும்போதெல்லாம் முதுகுத் தோல் சிலிர்த்து அடங்கியது.

நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அக்கா அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். உடனே கொர்கொர் சத்தம் கேட்டது. “பாத்தியா, எவ்வளவு சந்தோஷம்!” என்றார். அந்தச் சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அடிபட்ட பூனையும், பிரசவ வலியில் இருக்கும் பூனையும்கூட கொர்கொர் என்னும். மடியில் இருந்த உடம்பு விறைப்பாகவே இருந்தது, கண் கதவையே பார்த்தது, வால் நுனி படக் படக்கென்று அடித்துக்கொண்டது. நாய் வாலாட்டினால் பெரும்பாலும் குஷி. பூனை வாலை அடித்தால் ‘போதும், விடு’ என்று பொருள். அடிவயிற்றில் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை. புண்ணும் இல்லை, சொறியும் இல்லை. நக்கி நக்கியே முடி போயிருந்தது. “வெயிலுக்குக் கொட்டுதுன்னு நெனச்சேன்” என்றார் அக்கா.

இரண்டுக்கும் சண்டை உண்டா என்று கேட்டேன். “சண்டையா? ரெண்டும் அவ்வளவு பிரியம். ஒரே நடையில எதிரெதிரா உட்காந்து ஒண்ணையொண்ணு பாத்துட்டே இருக்கும்.”

அதை நேரில் பார்க்காமல் போவதில்லை என்று தீர்மானித்து, காபிக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். லட்டு படுக்கையறை வாசலுக்கு வந்தது. அங்கிருந்து மண் தட்டு இருக்கும் பின்பக்கக் குளியலறைக்குப் பதினைந்து அடி நடை, அகலம் மூன்றடிகூட இல்லை. எங்கிருந்தோ வந்த மைனா அந்த நடையின் நட்டநடுவில் உட்கார்ந்தது. சீறவில்லை, உறுமவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை. இமைக்காமல் பார்த்தது, அவ்வளவுதான். லட்டு ஒரு அடி வைத்தது, நின்றது. முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தது. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. மறுபடி ஒரு அடி வைத்தது. மைனாவின் தலை கொஞ்சம் தாழ்ந்தது. லட்டு அப்படியே உட்கார்ந்து சற்று நேரம் ஒன்றும் நடக்காததுபோல் கையை நக்கிவிட்டு, திரும்பிப் படுக்கையறைக்குள் போய்விட்டது. அங்கேதான் மெத்தை இருக்கிறது.

அக்கா இதைத் தினமும் பார்த்திருக்கிறார், பிரியம் என்று நினைத்து. வீட்டுப் பூனைகளின் பகை பெரும்பாலும் இப்படிச் சத்தமே இல்லாமல்தான் நடக்கிறது. உண்மையில் ஒட்டுறவான பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடும், உரசிக்கொள்ளும், உடம்பு படத் தூங்கும். அதெல்லாம் உண்டா என்று கேட்டதற்கு அக்கா கொஞ்சம் யோசித்து, இல்லை என்றார்.

குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பூனைக்கும் ஒரே தட்டு. மூடி போட்டது, ஒரே வாசல். உள்ளே போய்விட்டால் வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒட்டினாற்போல் வாஷிங் மெஷின், சரியாகத் துணி பிழியும் நேரத்தில் அதிரும். மண், எலுமிச்சை வாசனை போட்டது, ஐந்து கிலோ பை 349 ரூபாய். அந்த வாசனை நமக்காகப் போடுவது, பூனை கேட்டதல்ல. தட்டிலிருந்து இரண்டடி தள்ளிச் சாப்பாட்டுக் கிண்ணம். நம்மைக் கழிவறைப் பக்கத்தில் இலை போட்டு உட்காரவைத்தால் சாப்பிடுவோமா?

இருந்தாலும், மூத்திரப் பிரச்சினையைப் பழக்கக் கோளாறு என்று நானே முடிவுகட்ட முடியாது. நோய் இல்லை என்று முதலில் மருத்துவர் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே வேப்பேரிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கிளம்பினோம். நாலு கிலோமீட்டருக்கு ஆட்டோ 120 ரூபாய். கேரியர் கூடைக்குள் அக்காவின் பழைய நைட்டியைப் போட்டு, மேலே துண்டைப் போர்த்தினோம். காத்திருக்கும் இடத்தில் ஒரு லாப்ரடார் குரைத்துக்கொண்டிருந்ததால் கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். எதிரே ஒருவர் வயர் கூடையில் கொண்டுவந்திருந்த பெர்சியன் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. “வெயில்ல வந்தோம்ல, நாய் மாதிரிதான்” என்றார் அவர். நாய்க்கு அது சகஜம், பூனைக்கு அல்ல. ஓடி விளையாடிய களைப்பாக இருந்தால் சீக்கிரம் அடங்கிவிடும். மற்றபடி கடும் பயம், மூச்சுக் கோளாறு, இதயக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். உதவியாளரிடம் சொன்னேன், அவரை முதலில் உள்ளே அனுப்பினார்கள்.

மருத்துவர் இளம்பெண். கூடையின் மேல்பாதியை மட்டும் கழற்றி, லட்டு உட்கார்ந்த இடத்திலேயே வைத்துப் பரிசோதித்தார். பிடரியைப் பிடித்துத் தூக்கவில்லை. எடை 4.8 கிலோ. பழைய சீட்டில் 5.6 இருந்தது. முக்கால் கிலோவுக்கு மேல் குறைந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டன. கிண்ணம் காலியானால் சரி. மூத்திரம் எடுத்துப் பார்த்தார், ஸ்கேன் செய்தார். கிருமி இல்லை, கல் இல்லை. சிறுநீர்ப்பை மட்டும் வீங்கியிருக்கிறது என்றார். மனஅழுத்தம் பூனையை இப்படித்தான் உடம்பில் தாக்கும். அடிவயிற்றை நக்கியதும் அந்த எரிச்சலால்தான். ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடியிருந்ததற்கு, “பயத்துல பூனைக்குச் சுகர் ஏறும்மா, இதை வச்சு சர்க்கரை நோய்னு சொல்ல முடியாது” என்று விளக்கினார். பீஸ் 500, பரிசோதனைகள் 2,100 ரூபாய்.

“காய்ச்சலோன்னு அரை பாராசிட்டமால் குடுக்கலாம்னு இருந்தேன்” என்றார் அக்கா. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க. பூனையோட ஈரலால அதை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும்.”

பழிவாங்கல் என்ற பேச்சுக்கு ஒரு பதில் என்னிடம் இருந்தது, திரும்பும் ஆட்டோவில் சொன்னேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் பூனைகளின் அன்றாட ஒழுங்கைக் கலைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரமும் பார்த்துக்கொள்ளும் ஆளும் மாறியபோது, நோயே இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, தட்டுக்கு வெளியே போயின. 2011-ல் வெளியான ஆய்வு அது. அந்தப் பூனைகளுக்கு யார்மேலும் கோபமில்லை.

வழியிலேயே மூடியில்லாத அகலத் தட்டு ஒன்று 450 ரூபாய்க்கு, வாசனையில்லாத மண் ஒரு பை, கூடுதலாக ஒரு கிண்ணம் வாங்கினோம். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பதுதான் கணக்கு. மூன்றாவதாக மாடியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் டப் போதும் என்றேன். மளிகைக்கடையில் இரண்டு அட்டைப்பெட்டி கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். நெதர்லாந்தின் ஒரு பூனைக் காப்பகத்தில் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த புதுப்பூனைகள் பெட்டி கிடைக்காதவற்றைவிட வேகமாகப் பதற்றம் தணிந்தன. ஒரு தட்டைப் படுக்கையறையிலேயே வைத்தோம், நடையைக் கடக்காமல் போவதற்காக. கிண்ணங்களை ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மூலைகளில் வைத்தோம். மைனாவை இரவில் தனி அறையில் விட்டு, பழகுவதை முதலிலிருந்து மெல்லத் தொடங்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பாடு வைப்பது முதல் படி. வாரக்கணக்கில் ஆகும்.

அண்மையில் அக்கா பேசினார். மெத்தை நனைவது நின்றிருக்கிறது. வயிற்றில் முடி முளைக்கிறது. நடையில் மறிப்பது இன்னும் முழுதாக நிற்கவில்லை. மாமா மீன் மார்க்கெட் பேச்சை எடுப்பதில்லை.

கடுவன் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடலாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.