ஆணி பதியும் இடம்

பொந்தியானாக் பேயின் பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய பெண்ணாகிவிடுவாள். பிடுங்கினால் மறுபடி பேய். மலாய் மக்களின் இந்த நம்பிக்கை வெள்ளித்திரைக்கு வந்தது சிங்கப்பூரில்தான். 1957இல் கேத்தே-கெரிஸ் தயாரித்த ‘பொந்தியானாக்’கை பி. என். ராவ் இயக்க, மரியா மெனாடோ நடித்தார்.

திரைப்படச் சிறப்பு ஒப்பனையில் நான் செய்த முதல் உருப்படியும் அந்த ஆணிதான். சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய்க்காரர். பாச்சிக் என்றுதான் கூப்பிடுவேன். தெம்பனிஸில் அவர் வீட்டுச் சமையலறையே பட்டறை. முதல் நாள் லேடெக்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு சிலிகோன் கலக்கினேன். காலையில் அச்சைத் திறந்தால் பிசுபிசுவென்று கையோடு வந்தது. பாச்சிக் திட்டவில்லை, கையுறையைக் காட்டினார். பிளாட்டினம் சிலிகோனுக்குக் கந்தகம் ஆகாது. லேடெக்ஸிலும் சில களிமண்ணிலும் அது உண்டு. பட்ட இடம் இறுகாது. அன்றிலிருந்து நைட்ரைல் கையுறைதான்.

இரண்டாவது உருப்படியில் ரத்தத்தை வாரி ஊற்றினேன். “துடைத்துவிட்டுக் காட்டு” என்றார். துடைத்தால் அங்கே ஒன்றுமில்லை, தட்டையான தோலில் ஓர் ஆணித் தலை. “தைப்பூசத்துக்குப் போவாய்தானே? இந்த முறை தோலைப் பார்.”

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடந்தேன். கொக்கி இழுக்கும் இடத்தில் தோல் சிறு கூடாரம்போல் எழும்பி, உச்சியில் வெளுத்திருந்தது. ரத்தம் அநேகமாக இல்லை. அந்தப் பக்தி அவர்களுடையது. நான் எடுத்துவந்தது தோலின் இழுப்பை மட்டுமே. வீட்டுக்கு வந்து, ஆணியைச் சுற்றித் தோல் உள்வாங்கிச் சுருங்குவதாகக் களிமண்ணில் பிடித்தேன். பாச்சிக் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஓரத்தை மட்டும் விரலால் இழைத்துக்கொடுத்தார்.

ஓரத்தில்தான் கைப்பழக்கம் தெரியும். டிஷ்யூத் தாளைவிட மெல்லியதாக ஓடித் தோலோடு கரைய வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் ஜெலட்டின் இளகிவிடும். சிலிகோன்கூட வியர்வையில் கிளம்பும். தோலை ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே பசை தடவுங்கள். நிறத்தை ஒரே பூச்சாகப் பூசாதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று பொட்டுப் பொட்டாகத் தெளித்தால்தான் தோலுக்கு உயிர் வரும்.

கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் நாளே நடிப்பவரின் மணிக்கட்டில் பசையைத் தடவிச் சோதியுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எவ்வளவு அவசரமானாலும் பிய்த்தெடுக்காதீர்கள். நீக்கும் எண்ணெயை ஓரத்தில் விட்டுப் பொறுங்கள். மறுநாள் காலை அவர் தோல் பழையபடி இருந்தால்தான் நம் வேலை முடிந்தது.