ஆபரேஷன் முடிஞ்சு ஆபீசுக்குத் திரும்பின பிறகு

1. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துக்கிட்டவங்களுக்கு நிறைய அறிவுரை சொல்றோம். கூட வேலை பார்க்கிறவங்களுக்கு யாரும் எதுவும் சொல்றதில்லை. இந்த இழை அவங்களுக்கு. (சம்மதம் வாங்கித்தான் எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

2. நாகர்கோவில்ல ஒரு அலுவலக ஊழியர். நாற்பதைத் தாண்டினவர். சர்க்கரை, முட்டுவலி, ராத்திரி மூச்சுத்திணறல். ஸ்லீவ் ஆபரேஷன் ஆச்சு. இதில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை எடுத்துடுவாங்க. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒடுங்கின ஒரு குழாய்தான்.

3. மூணாவது மாசம் வந்தார். சில வாரமா வாந்தி. கால் எரிச்சல், நடையில் தள்ளாட்டம். சாப்பாடு பற்றி மனைவி சொன்ன கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

4. மனைவி வெளியே போனதும் சொன்னார்: "பதினொரு மணிக்கு டீயும் ரசவடையும் வரும் டாக்டர். வேண்டாம்னா, 'ஒரு வடைல என்ன வந்திரப் போவுது, தின்னும் வே'ன்னுவாங்க. மதியம் எல்லாரும் பத்து நிமிஷத்துல முடிச்சிருவாங்க, நானும் அள்ளிப் போட்டுக்கிடுவேன். பிறகு பாத்ரூம்ல போய் வாந்தி. வைட்டமின் மாத்திரையும் தங்காது."

ஆபரேஷன் ஆனதே ஆபீசில் யாருக்கும் தெரியாது. குடலிறக்கம்னு சொல்லி லீவு போட்டிருக்கார். குறுக்கு வழின்னு சிரிப்பாங்களாம்.

5. வாந்தி தொடர்ந்தா சீக்கிரம் தீர்ந்துபோறது தயமின், அதாவது வைட்டமின் பி1. உடம்பில் இருப்பு சில வாரத்துக்குத்தான். குறைஞ்சா நரம்பு கெடும், மூளையும் பாதிக்கும். இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பம் வரும். தாமதமானா நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்துறதும் ஆபத்து.

இவருக்கு உடனே தயமின் ஊசி போட்டோம். நடை சரியாச்சு. கால் எரிச்சல் போக மாசக்கணக்காச்சு.

6. தப்பு என் பக்கமும் உண்டு. வீட்டுச் சமையல் பற்றி அத்தனை கேள்வி கேட்டேன். எட்டு மணி நேரம் இருக்கிற ஆபீஸ் பற்றி ஒண்ணுகூட கேட்கலை.

7. அடுத்த தடவை பக்கத்து சீட் அக்காவைக் கூட்டிட்டு வந்தார். அவங்ககிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கார். "நாங்க என்ன செய்யணும் டாக்டர்?"னு கேட்டாங்க. நான் சொன்னது:

• வேண்டாம்னா விட்டுடுங்க. நம்ம ஊர்ல அன்பைச் சாப்பாட்டில்தான் காட்டுவோம். இவருக்கு அந்த அன்பு வாந்தியாயிடும்.
• மென்னு சாப்பிட அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தாதீங்க.
• முதல்ல மீன், முட்டை, பயறு. சோறு பிறகு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேணும். ஒரு முட்டையில் கிடைக்கிறது சுமார் 6 கிராம்தான்.
• சாப்பாட்டோட தண்ணி வேண்டாம். அரை மணி கழிச்சு, கொஞ்சம் கொஞ்சமா.
• "எத்தனை கிலோ குறைஞ்சுது?"ன்னு தினமும் கேட்காதீங்க. போலீஸ் வேலையும் வேண்டாம்.
• வாந்தி நிக்கலைன்னா எங்ககிட்ட அனுப்புங்க.

8. அந்த அக்கா ரசவடையை நிறுத்தலை. பக்கத்தில் ஒரு கிண்ணம் அவிச்ச சிறுபயறு வெச்சாங்க, யாருக்குன்னு சொல்லாமலே. இப்ப அந்தக் கிண்ணம்தான் முதல்ல காலியாகுதாம். மதியம் அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை ரெண்டு பேர் கூட உட்கார்ந்திருக்காங்க. அவர் ஆபீசில் வாந்தி எடுக்கிறது நின்னுபோச்சு.

9. ஆபரேஷன் செய்துக்கிட்டவங்களே, வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, நிறுத்தாதீங்க. ஆபீசில் நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயாவது விஷயத்தைச் சொல்லி வைங்க.

மத்தவங்களுக்கு: நாளைக்கு டீ நேரத்தில் யாராவது "எனக்கு வேண்டாம்"னு சொன்னா, ஏன்னு கேட்காதீங்க. தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்துங்க.